ஆடிக் காற்றுக்கு நிற்கிற மாதிரி கொடிப் பந்தல்: யோசனை சொல்லுங்க

பொள்ளாச்சித் தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 20க்கு 12 அடி இடம் சும்மா கிடக்கிறது. இந்த ஆடிப் பட்டத்துக்குப் புடலை, பீர்க்கு, பாகல், ஒரு மூலையில் சுரை என்று அம்மா முடிவு செய்துவிட்டார்கள். விதையும் தொழு உரமும் வந்தாயிற்று. பந்தல்தான் இன்னும் பேச்சிலேயே இருக்கிறது. சவுக்கு போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் குழாய், அதாவது ஜிஐ பைப் என்கிறான் தம்பி. மாமா கல்தூண்தான் நிலைக்கும் என்கிறார்.

மூன்று பக்கமும் காம்பவுண்டு சுவர். அதில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. நான்காவது பக்கம் வீடு. சுரையும் புடலையும் காய்த்துத் தொங்கினால் எடை தாங்குமா என்பதுதான் என் கவலை. எத்தனை கால், எவ்வளவு கனம், எந்தக் கம்பி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

மூலைக்கல்

தம்பி, நான் ஒட்டன்சத்திரம் பக்கம். கல் பந்தலில் புடலையும் பாகலும் போடுகிறவன். எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் இடத்தில் ஒரே நேரத்தில் 50 காய் தொங்கினாலும், காய்க்கு ஒரு கிலோ வைத்தால் 50 கிலோ. அதைச் சவுக்குக் கம்பும் தாங்கும், மூங்கிலும் தாங்கும்.

பந்தலைச் சாய்ப்பது காற்று. இலை மூடாதவரை காற்று கம்பிகளுக்கு நடுவே போய்விடும். மூடிய பிறகு முழுப் பந்தலும் கப்பல் பாய் மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் தள்ளும், அடியில் புகுந்து மேலேயும் தூக்கும். அதோடு மழையும் சேர்ந்தால் நனைந்த கொடியின் பாரம் வேறு. அப்போது நடுக்கால் அசையாது, மூலைக்கால்தான் முதலில் சாயும். எல்லாக் கம்பியும் கடைசியில் மூலையைத்தான் இழுக்கிறது. கனமான கால் போட்டேனே, ஏன் விழுந்தது என்பார்கள். காலின் கனம் எங்கே பேசுகிறது, மண்ணுக்குள் அது எப்படி நிற்கிறது என்பதுதான் பேசுகிறது.

வயலில் நாங்கள் செய்வது இதுதான். 10 அடிக் கல், இரண்டரை அடி மண்ணுக்குள். ஓரத்துக் கற்களை நேராக நட மாட்டோம், கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து நடுவோம். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் வெளியே ஒரு ஸ்டே கம்பி இறக்கி, தரைக்குள் புதைத்த கல்லில் கட்டுவோம். மின்கம்பத்துக்குக் கட்டியிருப்பார்களே, அதே ஸ்டேதான். அதைக் கட்டி முடிக்காமல் மேல்கம்பியை இழுக்கவே கூடாது.

பொள்ளாச்சித் தோட்டம்

நன்றிங்கண்ணா. ஆனால் ஸ்டே இறக்க எனக்கு வெளியே இடமே இல்லையே. சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்தவர் மனை.

சுரைக்குடுக்கை

நான்கு சுரைக்கொடிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? எங்கள் ஊரில் ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு ஏணியைச் சாய்த்து வைப்பார்கள், சுரை தானே ஏறிப் படரும். பாகலை வேலியில் விடுவார்கள். பந்தல், பைப், கம்பி என்று செலவழித்துவிட்டு, காய் கிலோ என்ன விலை ஆயிற்று என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

தாம்பரம் மாடி

அண்ணா, ஓட்டு வீடு இருந்தால் நாங்களும் அப்படியே விட்டிருப்போம் :) கான்கிரீட் தளத்தில் சுரையைப் படர விட்டால் சித்திரை வெயிலில் கொடி வெந்துவிடும்.

வெல்டிங் பட்டறை

கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வருஷம் வந்த வேலையில் பாதி மாடித் தோட்டப் பந்தல்தான்.

மூலைக்கல் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது வெளியே இடம் இருப்பவர்களுக்கு. ஸ்டேக்கு இடம் இல்லாதவர்கள் பிரச்சினையை வேறு வழியில் தீர்க்க வேண்டும். மேலே கம்பிக்குப் பதிலாகச் சுற்றிலும் பைப்பிலேயே ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். குறுக்குக் கம்பிகளின் இழுவை அந்தச் சட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும், காலை உள்பக்கம் இழுக்காது. அப்புறம் கால் சுமக்க வேண்டியது எடையையும் காற்றையும் மட்டும்தான். காற்றுக்கு, ஒவ்வொரு மூலையிலும் காலுக்கும் சட்டத்துக்கும் நடுவே 2 அடித் துண்டுகளை 45 டிகிரியில் வையுங்கள், இரண்டு திசைக்கும் ஒவ்வொன்று. இந்தச் சாய்வுத் துண்டு இல்லாத சட்டம் எவ்வளவு கனமாக இருந்தாலும் ஆடும். ஆடினால் வெல்டு விட்டுவிடும்.

உங்கள் 20க்கு 12க்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைப் 20 அடி நீளத்தில்தான் வரும். 7 பைப் வாங்கினால் ஒரு அங்குலம்கூட வீணாகாது:

இரண்டு பைப்பை வெட்டவே வேண்டாம், அவை நீளப் பக்கச் சட்டம். மூன்று பைப்பை 12, 8 என்று வெட்டுங்கள். 12 அடித் துண்டு மூன்றும் குறுக்குச் சட்டம்: இரு முனையில் இரண்டு, நடுவில் ஒன்று. 8 அடித் துண்டு மூன்றும் கால். ஆறாவது பைப்பில் 8, 8, 2, 2. ஏழாவதில் ஒரு 8, மீதியில் ஆறு 2 அடித் துண்டு. ஆக 8 அடிக் கால் ஆறு, 2 அடிச் சாய்வுத் துண்டு எட்டு. நான்கு மூலைக்கும் இரண்டிரண்டு சரியாக வந்துவிடும்.

ஒன்றரை அடி மண்ணுக்குள் போனால் மேலே ஆறரை அடி. வயல் பந்தலுக்குப் பொதுவாகச் சொல்கிற 2 மீட்டரும் ஏறக்குறைய அதேதான். அம்மாதான் காய் பறிப்பார்கள் என்றால் அவர்கள் கை எட்டுகிறதா என்று ஒருமுறை நிற்க வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சித் தோட்டம்

அண்ணா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தம்பியிடம் காட்டினேன், அவன் இப்போதே பைப் கடைக்குக் கிளம்புகிறான். குறுக்கே எந்தக் கம்பி? கால் குழியில் என்ன போட வேண்டும்?

வெல்டிங் பட்டறை

அவசரப்பட வேண்டாம். குழி முதலில்.

ஒரு அடி அகலம், ஒன்றே முக்கால் அடி ஆழம். அடிப்பக்கம் 3 அங்குலத்துக்கு ஜல்லி. குழியின் வாயைவிட அடிப்பக்கம் அகலமாக இருக்கட்டும். பைப்பின் அடிமுனைக்குச் சற்று மேலே குறுக்கே அரை அடிக் கம்பித் துண்டு ஒன்றைப் பற்ற வைத்துவிடுங்கள். காற்று மேலே தூக்கும்போது கான்கிரீட்டிலிருந்து கால் உருவிக்கொண்டு வராது. கான்கிரீட் கலவை 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி). மேலே முடிக்கும்போது தரைமட்டத்தோடு நிறுத்தாமல் இரண்டு அங்குலம் உயர்த்தி, பைப்பைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகப் பூசுங்கள். பைப் துருப்பிடிப்பது பெரும்பாலும் மண்ணும் காற்றும் சேரும் அந்த ஒரு சாணில்தான். தண்ணீர் தேங்காவிட்டால் பல வருஷம் கவலையில்லை. குழாய்முனை எதுவும் திறந்து கிடந்தால் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும்.

இன்னொன்று. ஜிஐ பைப்பை அப்படியே வெல்டு வைத்தால் துத்தநாகப் புகை வரும். அதை இழுத்தால் அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், தொழில்காரர்களுக்கு இது தெரியும். வெல்டு வைக்கிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்தவெளியில், காற்று போகும் திசை பார்த்து வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த இடங்களுக்கு ஜிங்க் பிரைமர் அடிக்க மறக்கக் கூடாது. பூச்சு போன இடத்தில்தான் துரு தொடங்கும்.

கம்பி: 14 கேஜ் ஜிஐ (ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனம்), 2 அடிக்கு ஒன்று. நீளவாக்கில் 5, குறுக்கே 9 வரும். நடுச்சட்டம் இருக்கிற இடத்தில் ஒன்று குறையும். 2 கிலோ வாங்கினால் போதும், மிச்சமும் இருக்கும். ரொம்ப முறுக்கி இழுக்க வேண்டாம். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு அங்குலம் இறங்க வேண்டும்.

புதுவிதை

குறுக்கிட மன்னிக்கணும். ஜிஐ கம்பி வெயிலில் சூடாகி, கொடியின் பற்றுக்கம்பி (சுருண்டு பிடிக்கிற இழை) கருகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

மூலைக்கல்

எங்கள் வயல் முழுக்க ஜிஐ கம்பிதான் தம்பி. கொடி ஏறி இலை விரித்துவிட்டால் கம்பிக்கு அதுவே நிழல். ஏறும் வரைக்கும் கொடி இருப்பது கயிற்றில்.

தாம்பரம் மாடி

கொடி எதைப் பிடித்து ஏறுகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி எல்லாம் பற்றுக்கம்பி விட்டு ஏறுபவை. சுருண்டு பிடிக்க மெல்லியதாக ஏதாவது வேண்டும், பென்சில் கனத்துக்குள். கனமான பைப் காலைக் கொடுத்தால் பிடிக்கத் தெரியாமல் தவித்துக் கீழே சரியும். அவரை, தட்டைப்பயறு, சிறகவரை எல்லாம் தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். அவற்றுக்குக் கனமான கம்பும் சரி. ஆனால் வழவழ பைப்பில் அதுவும் வழுக்கும், தென்னங்கயிற்றைச் சுற்றிவிட வேண்டும். கொடிப்பசலையும் சுற்றுகிற ரகம்தான்.

அதனால் செடிக்கு ஒரு கயிறு, செடிப்பக்கம் ஒரு சிறு குச்சி, மேலே கம்பியில் ஒரு முடிச்சு. செடியின் தண்டில் நேரடியாக முடிச்சுப் போடாதீர்கள். தண்டு பருக்கும்போது இறுக்கிவிடும். தளர்வாக ஒரு வளையம் போதும்.

சுரைக்குடுக்கை

கடையில் விற்கிறார்களே, பச்சை நைலான் கொடி வலை, அதை விரித்துவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. கயிறு, முடிச்சு எல்லாம் எதற்கு?

தாம்பரம் மாடி

விரிப்பது ஐந்து நிமிஷம்தான் அண்ணா. பட்டம் முடிந்து காய்ந்த பீர்க்கங்கொடியை அந்த வலையிலிருந்து பிரித்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பற்றுக்கம்பியும் ஸ்பிரிங் மாதிரி இறுகியிருக்கும். கத்தரியோடு உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கடைசியில் வலையையும் சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போடுவீர்கள். தென்னங்கயிறு, சணல் என்றால் மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, கொடியோடு அப்படியே உரக்குழிக்குள்.

வலைதான் வேண்டும் என்றால் கண் 6 அங்குலம் இருக்கட்டும், கை நுழைந்து வெளியே வர வேண்டும். கண் சின்னதாக இருந்தால் பிஞ்சு உள்ளே நுழைந்து, அங்கேயே பருத்து, இடுப்பு ஒடுங்கிய சுரைக்காயாக மாட்டிக்கொள்ளும். அப்புறம் வலையை வெட்டுவதா, காயை வெட்டுவதா?

பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். மெல்லிய நரம்பு வலையில் குருவி, அணில், சாரைப்பாம்பு எல்லாம் சிக்கிச் சாகின்றன. தரையைத் தொட்டுத் தொங்கும் வலை இன்னும் மோசம்.

மூலைக்கல்

அம்மணி சொன்னது சரி. பொள்ளாச்சித் தம்பிக்கு ஒன்று: மேற்குப் பக்கம் வலையோ கொடியோ தரைவரை தொங்க விடாதீங்க. அங்கிருந்துதான் உங்களுக்குக் காற்று. கொடியைக் கால்பக்கமாகக் கயிற்றில் ஏற்றி மேலே பரப்புங்க. ஏறும்வரை வருகிற பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்க, கம்பியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்க. பக்கம் திறந்திருந்தால் காற்று பாட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும். மருந்து, பறிப்பு எல்லாவற்றுக்கும் ஆள் புக வசதி.

கதியால்

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில் இருந்து. இந்த இழையை முதலில் இருந்து வாசித்தேன். ஒருவரும் உயிர்க்கால் பற்றிச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கட பக்கத்தில் வேலிக்கு நடுகிற சீமைக்கிளுவைக் (கிளிரிசிடியா) கதியாலையே பந்தலுக்கும் காலாகப் போடுவார்கள். கையளவு மொத்தத் தடி, ஆறேழு அடி, மாரி மழை தொடங்கும் நேரம் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். உக்காது, கறையான் தொடாது, வருஷத்துக்கு வருஷம் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். குழையை வெட்டித் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்க்கலாம். மேலே பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) அல்லது கம்பி. வெற்றிலைக்கு நீங்கள் அகத்தியில் கொடி ஏற்றுகிறீர்கள்தானே, அதே யோசனை.

இரண்டு விஷயம் கவனிக்க வேணும். நட்ட அதே போகத்தில் பாரம் ஏற்றக் கூடாது. வேர் ஓடும்வரை பயித்தங்காய் மாதிரி பாரமில்லாத கொடி மட்டும். மற்றது, கம்பியை மரத்தில் நேரடியாகச் சுற்றினால் பட்டை அதை விழுங்கிவிடும், மரமும் அந்த இடத்தில் முறியும். பழைய சைக்கிள் டியூபை இடையில் வைத்துக் கட்டுங்கோ.

பொள்ளாச்சித் தோட்டம்

அருமைங்க. எங்கள் பக்கம் தோட்டத்து வேலியில் கிளுவை உண்டு. பந்தலுக்கு யாரும் வைத்துப் பார்த்ததில்லை. இந்தப் பட்டத்துக்கு நேரமில்லை, ஊரில் தோட்டத்துக்கு வைத்துப் பார்க்கலாம்.

சுரைக்குடுக்கை

இதை ஒப்புக்கொள்கிறேன். செலவில்லாத வேலை. முருங்கையில் ஏற்றலாமா?

கதியால்

முருங்கை வேண்டாம். கொப்பு சும்மாவே முறியும், சுரைக்காய் வேறு தொங்கினால் காற்றுக்கு நிற்காது. மயிர்க்கொட்டி (கம்பளிப்பூச்சி) வந்தால் கொடிக்குள் கை வைக்கவும் ஏலாது.

புதுவிதை

நான் வாடகை வீடு, இரண்டாவது மாடி மொட்டைத் தளம். வீட்டுக்காரர் துளை போடச் சம்மதிக்க மாட்டார். இரண்டு பை பாகல், ஒரு பை கோவை. எனக்கு என்ன வழி?

தாம்பரம் மாடி

அவர் சம்மதித்தாலும் துளை போடாதீர்கள். தளத்தில் ஒரு துளை என்றால் கீழ் வீட்டில் ஒரு கசிவு.

20 லிட்டர் பெயிண்ட் வாளி நான்கு. ஒவ்வொன்றின் நடுவிலும் பைப்பை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிவிடுங்கள். ஆறியதும் ஒவ்வொன்றும் 45 கிலோவுக்கு மேல் இருக்கும். ஊற்றும்போதே எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வைத்து ஊற்றுங்கள், அப்புறம் நகர்த்த ஆள் தேட வேண்டும். கைப்பிடிச் சுவர் ஓரம், கீழே சுவரோ பீமோ இருக்கிற இடமாகப் பாருங்கள். தளத்தின் நடுவில் வேண்டாம். வாளிக்கு அடியில் இரண்டு செங்கல், தண்ணீர் ஓட வழி. உயரம் 5 அடிக்கு மேல் போகாதீர்கள். மேல்சட்டத்தை வெல்டு வைக்காமல் போல்ட்டிலோ கிளாம்பிலோ மாட்டுங்கள், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

சென்னை என்றால் இன்னொன்று சேர்த்து யோசிக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். காய்க்கிற நேரத்தில்தான் புயலும் வரும். மாடிப் பந்தலைப் புயலைத் தாங்குகிற மாதிரி கட்டப் பார்க்காதீர்கள், சட்டென்று இறக்குகிற மாதிரி கட்டுங்கள். கயிறு முழுக்க எஸ் கொக்கியில் மாட்டியிருந்தால் கொடியோடு சேர்த்துத் தரையில் படுக்க வைத்துவிடலாம். கொஞ்சம் இலை போகும், பரவாயில்லை. பைப் பறந்து அடுத்த வீட்டுக் கண்ணாடியில் விழுவதைவிட நல்லது.

கோவையைப் பாகலோடு ஒரே பந்தலில் விடாதீர்கள். கோவை பல வருஷம் நிற்கிற கொடி, வெட்ட வெட்டத் துளிர்க்கும். இரண்டு பட்டத்தில் பந்தல் முழுக்க அதன் ராஜ்ஜியம்தான்.

புதுவிதை

ரொம்ப நன்றிக்கா. பிவிசி பைப் போட்டால் வேலை சுலபமா?

வெல்டிங் பட்டறை

சுலபம்தான். வெயிலில் வளையும், நாள்பட்டால் நொறுங்கும். உள்ளே மூங்கிலோ கம்பியோ செருகினால் ஓரளவு நிற்கும். இரண்டு பைக்கு ஓடும். பெரிய பந்தலுக்கு நான் போட மாட்டேன்.

சுரைக்குடுக்கை

கடைசியாக ஒரு கேள்வி, இது உதவிக்குத்தான். சவுக்கு மட்டுமே வாங்க முடிகிறவர் என்ன செய்வது? எல்லோரும் 7 பைப் வாங்க முடியுமா?

மூலைக்கல்

நல்ல கேள்வி. சவுக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊன்றுகிற இரண்டு அடியைத் தீயில் கருக்கி, ஆறியதும் தார் பூசுங்க. தரைக்கு மேலும் அரை அடி வரை பூச வேண்டும், கறையானும் உக்கலும் ஆரம்பிப்பது அங்கேதான். 6 அடிக்கு ஒரு கால் நெருக்கி ஊன்றி, மண்ணை நனைத்து நனைத்து இடியுங்க. மூலைக்கு இரண்டு சாய்வுக் கம்பு வெளியிலிருந்து முட்டுக்கொடுங்க, வெளியே இடம் இல்லாவிட்டால் உள்ளிருந்து. கட்டுக்கு வெறும் சணல் போதாது, 14 கேஜ் கம்பியை இரட்டையாக்கிக் குறடால் முறுக்கிவிடுங்க. இரண்டு பட்டம் எடுக்கலாம். மூங்கிலானால் கல் மூங்கில் பார்த்து வாங்குங்க, உள்ளே பொந்து குறைவு. பச்சையாக வாங்கியதைத் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காய வைத்தால் வண்டு அரித்து மாவு கொட்டுவது குறையும்.

அப்புறம் பைப்போ கல்லோ சவுக்கோ, நிலையான பந்தல் வைத்துவிட்டால் வருஷம் முழுக்க புடலை, பாகல், பீர்க்கு என்று ஒரே குடும்பத்தையே மாற்றி மாற்றிப் போடாதீங்க. வேரைத் தாக்குகிற நூற்புழு மண்ணில் சேர்ந்துவிடும். ஒரு பட்டம் அவரையை விடுங்க.

பொள்ளாச்சித் தோட்டம்

நாளைக்குக் குழி எடுக்கிறோம். அப்பாவும் சம்மதம், சுவரைத் தொடவில்லையே. ஒன்றே ஒன்று: பந்தல் ஆறரை அடி என்றதும் அம்மா கேட்கிறார்கள், நீளப் புடலை தரையில் இடிக்காதா?

மூலைக்கல்

என்ன ரகம்? கோ 1 என்றால் 160 முதல் 180 சென்டிமீட்டர் வரை போகும், உங்கள் பந்தலில் மயிரிழையில் தரையைத் தொடாது. கோ 2 ஒரு அடிதான், குட்டை. நாட்டு ரகம் எவ்வளவு போகும் என்று விதை கொடுத்தவரைக் கேளுங்க.

பொள்ளாச்சித் தோட்டம்

அத்தை வீட்டு நாட்டு விதை. அம்மா கையை விரித்துக் காட்டுகிற நீளத்தைப் பார்த்தால் ஆறடிக்குக் குறையாது போல.

மூலைக்கல்

அப்படியென்றால் முற்ற விடாமல் மூன்று, நான்கு அடியில் பறிக்கச் சொல்லுங்க. சமையலுக்கு அந்தப் பருவம்தான் ருசி. பிஞ்சில் நுனியில் ஒரு சின்னக் கல் கட்டிவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும். விதைக்கு விடுகிற ஒரு காயை மட்டும் வரப்புப் பக்கம் இல்லாமல் வாய்க்கால் பள்ளத்துக்கு நேராகத் தொங்க விடுங்க, அங்கே அரை அடி கூடக் கிடைக்கும்.

வெல்டிங் பட்டறை

கடைக்குப் போகும் தம்பிக்கு: ஒரு அங்குல பைப், பி கிளாஸ் என்று கேட்கட்டும். நீலப் பட்டை போட்டிருக்கும். மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், மெலிசு. பட்டை அழிந்திருந்தால் எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 20 அடி பி கிளாஸ் ஏறக்குறைய 15 கிலோ வரும், 12 கிலோ என்றால் அது ஏ கிளாஸ்.